அம்மாவுக்கு அக்டோபர் பூ

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிறந்த மாதப் பூ ஓவியம் ஒன்று வாங்கினேன். வீட்டில் யார் யார் எந்த மாதம் பிறந்தார்களோ, அந்தந்த மாதத்துப் பூக்களை ஒரே கொத்தாக வரைந்து கீழே பெயர் எழுதித் தருவார்கள். கடை பெயர் வேண்டாம். இணையத்தில் விற்கும் சின்னக் கடை. ஏ3 அளவு, மரச் சட்டத்தோடு 42 பவுண்டு. ஒன்பதே நாளில் லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஓவியத்தில் குறையே இல்லை. நல்ல தடித்த தாள், கண்ணை உறுத்தாத நிறங்கள். மகளுக்கு மார்ச் மாத டாஃபடில். எனக்கு மே மாத லில்லி ஆஃப் த வேலி, குட்டி வெள்ளை மணிகளைக் கோத்த மாதிரி. ஆகஸ்டுக்கு மட்டும் கிளாடியோலஸ், பாப்பி இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். “பாப்பிய நவம்பர்ல சட்டையில குத்துறதே போதும்” என்று கணவர் சொல்லிவிட்டார். போரில் இறந்தவர்கள் நினைவாக இங்கே எல்லோரும் குத்திக்கொள்ளும் பூ அது.

சிக்கல் கூடவே வந்த அட்டையில்தான். பூக்களுக்கான பொருள் என்று அச்சடித்திருந்தார்கள். எல்லாமே ஒரே தித்திப்பு. அம்மாவின் அக்டோபர் மேரிகோல்டுக்கு ‘அன்பின் கதகதப்பு’ என்று போட்டிருந்தது. ஆனால் ஆங்கில ஓவியர் கேட் கிரீன்அவே 1884-இல் வெளியிட்ட, பூவுக்குப் பூ பொருள் சொல்லும் பூமொழிப் புத்தகத்தில் அந்தப் பூவுக்கு நேரே இருப்பது ‘துயரம்’. பிரெஞ்சிலும் அந்தப் பூவுக்கும் கவலைக்கும் ஒரே சொல். சரி, பிறந்தநாள் பரிசில் துயரம் என்றா போடுவார்கள்? அதை விட்டுவிடலாம்.

அப்பாவின் நவம்பர் செவந்தியை மஞ்சளில் வரைந்ததைத்தான் விட முடியவில்லை. அதே புத்தகத்தில் சிவப்புச் செவந்திக்கு ‘காதலிக்கிறேன்’ என்று பொருள், மஞ்சளுக்கு ‘உதாசீனம் செய்யப்பட்ட காதல்’. அதைக் கொண்டுபோய் அம்மா பூவுக்குப் பக்கத்தில் செருகியிருந்தார்கள்! எழுதிக் கேட்டேன். நிறத்துக்கு நிறம் பொருள் மாறும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் காசு கேட்காமல் சிவப்பில் வரைந்து புதுப் படம் அனுப்பினார்கள். வாங்குகிறவர்கள் ஆர்டர் போடும்போதே நிறத்தைச் சொல்லிவிடுங்கள்.

மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது செண்டுப்பூவே இல்லடி. ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்குப் போடுறது உருண்டையால்ல இருக்கும்?”

அவர் சொன்னது சரிதான். ஓவியத்தில் இருப்பது தெற்கு ஐரோப்பாவின் கலெண்டுலா. நம் செண்டுப்பூ மெக்சிகோ பக்கமிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுமே மேரிகோல்டு; செண்டுப்பூவை ஆப்பிரிக்க மேரிகோல்டு என்பார்கள், ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். அதற்குக் கிரீன்அவே புத்தகம் தரும் பொருள் ‘நயமற்ற மனம்’. அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

படத்தைக் கூடத்தில் மாட்டியாயிற்று. மாட்டின பிறகும் அட்டையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார். “பன்னெண்டு மாசத்துல ஒண்ணுக்குக்கூடவா மல்லி இல்ல?”