சர்வீஸுக்குப் பின் ஆம்ப்ளிஃபயரில் 'டிக்' சத்தம் வரவில்லையா? உடனே அணைத்துவிடுங்கள்

நேற்று இரவு என் வலது பக்க ஸ்பீக்கரிலிருந்து புகை வந்தது. கருகிய வார்னிஷ் வாடை இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர், ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுதமாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பல வருடம் உழைத்த ஆம்ப்ளிஃபயர் அது. போன மாதம் லேசான இரைச்சல் தொடங்கியது. அதோடு, பவர் போட்ட சில விநாடிகளில் 'டிக்' என்று ஒலித்து ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச், சில நாள் டிக்டிக்கென்று துடித்துவிட்டு இணைக்காமலே நின்றுவிடும். வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் சொல்லவில்லை, இருக்கிற வம்பே போதும்.

வந்த தம்பி மூடியைத் திறந்ததும், "பிளக்கைப் பிடுங்கினாலும் இந்தக் கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும் சார், கை வைத்துவிடாதீர்கள்" என்றார். ஒரு ரெசிஸ்டரை வைத்து நிதானமாக அதை இறக்கினார். அங்கேதான் நான் விழுந்தேன். இவ்வளவு பக்குவமாகக் கை வைப்பவர் ஏமாற்றுவாரா? ஸ்பீக்கருக்கு மின்சாரத்தைத் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன, 5200-1943 என்ற எண்ணுள்ள ஜோடியை ஒரிஜினலாகவே போட்டுத் தருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன்.

நான்காம் நாள் கொண்டுவந்து பவர் போட்டார். இரைச்சல் இல்லை. 'டிக்' சத்தமும் இல்லை. உடனே பாட்டு வந்தது.

"டிக்கென்று கேட்குமே தம்பி?"

"இனிமேல் காத்திருக்க வேண்டாம் சார், போட்டதும் பாடும்."

நான் சந்தோஷப்பட்டேன், மடையன். பவர் போடும்போதெல்லாம் ஊஃபர் 'தொம்' என்று எகிறியதைக்கூட, புது டிரான்சிஸ்டரின் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை, தொழில் தெரிந்த நண்பர் திறந்து காட்டினார். அவுட்புட்டில் டிசி (பாட்டின் அலையாக இல்லாமல் ஒரே பக்கமாகப் பாயும் மின்சாரம்) வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிப்பதற்காகத்தான் அந்த ரிலே. ஏன் துடிக்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, அந்தத் தம்பி அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருக்கிறார். 5 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 15. டிரான்சிஸ்டர்கள் போலி; ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற சில்லு பொட்டளவு, 150 வாட் தாங்க வேண்டியதாம் அது! இரைச்சல் போன ரகசியமும் தெரிந்தது: எர்த் வயரை வெட்டியிருக்கிறார். உள்ளே மெயின் கரண்ட் வயர் பெட்டியில் பட்டிருந்தால், ஒலியளவைத் திருகப் போன கையோடு நானும் போயிருப்பேன்.

டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் 50 வோல்ட் டிசி நேராக ஊஃபருக்குப் போயிருக்கிறது. 8 ஓம் ஊஃபரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம்தான் காட்டும். கணக்குப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல், 400 வாட் வெப்பம், அதுவும் இடைவிடாமல். 5 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்து காப்பாற்றியிருக்கலாம். 15 வேடிக்கை பார்த்தது. இன்னொன்றும் நண்பர் சொன்னார்: பழைய டிரான்சிஸ்டர்கள் உண்மையிலேயே போயிருந்தால் அந்தப் பெட்டி இடையிடையேகூடப் பாடியிருக்காது. நல்லவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போலியை மாட்டினாரோ என்னவோ. கழற்றியதை நான்தான் கேட்டு வாங்கவில்லையே.

அந்தத் தம்பியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செயலியின் உதவி எண்ணில் முதலில் பேசியவர் "மின்னழுத்த ஏற்ற இறக்கம்" என்றார். அடுத்தவர், நான் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டியிருப்பேன் என்றார். பின்புறம் 8 என்று அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது, மாற்றிய பாகத்துக்கு மட்டும்தான் உத்தரவாதமாம். மாற்றிய பாகம்தானே ஐயா ஷார்ட் ஆனது? "அது உங்கள் ஸ்பீக்கரால் ஆனது." மதியம் ஒரு செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இரண்டு மாதச் சம்பளம் எரிந்து கிடக்கிறது, நட்சத்திரம் கேட்கிறார்கள்.

பராமரிப்பு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸ் முடிந்ததும் முதல் முறை சீரிஸ் பல்பு வழியாக (கரண்ட் ஒரு குண்டு பல்பைக் கடந்து பெட்டிக்குப் போகும்படி) பவர் போடச் சொல்லுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும், பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட்டில் டிசி அளக்கச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம், வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டவே கூடாது. ஃபியூஸ் எண் மாறக் கூடாது. இரைச்சலுக்காக எர்த்தை வெட்ட வந்தால் ஆளை வெளியே அனுப்புங்கள். காற்றுத் துளைகளின் மேல் எதையும் அடுக்காதீர்கள்.

செயலியிலிருந்து அழைப்பு வருகிறது. இன்றைக்கு மூன்றாவது 'மேலாளர்' இவர். பேசிவிட்டு வருகிறேன்.