நான்கு வருடமாக கான்பெராவில் பறக்கிறேன்: ஆர்டுபைலட் சிட்டில் அனுபவம்

ஆஸ்திரேலியாவுக்கு நான் போனதே இல்லை. ஆனால் நான்கு வருடமாக என் ட்ரோன் பெரும்பாலான நாட்களில் கான்பெராவில், ஒரு மாடல் விமான கிளப்பின் மைதானத்தில்தான் கண் விழிக்கிறது. ட்ரோனைத் தானாகப் பறக்க வைக்கும் மென்பொருள் ஆர்டுபைலட். நிஜ ட்ரோன் இல்லாமலே கணினியில் பறக்கவிட்டுப் பார்க்க அதில் இருக்கும் சிமுலேட்டர்தான் சிட்டில் (SITL). இடம் எதுவும் சொல்லாமல் அதைத் திறந்தால் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். கடல் மட்டத்திலிருந்து 584 மீட்டர்.

ட்ரோனின் கன்ட்ரோலர் போர்டில் ஓடும் அதே நிரல்தான் இதில் லேப்டாப்பில் ஓடுகிறது. சென்சார் எண்கள் மட்டும் கற்பனை. அதனால் பறந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்பும் நிஜ ட்ரோனுடையது மாதிரியே வரும், நிஜ ட்ரோனுக்குப் பயன்படுத்தும் அதே மிஷன் பிளானர் செயலியில் திறந்து பார்க்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. வேகத்தை 10 மடங்காக்கினால் 20 நிமிட மிஷன் (முன்கூட்டியே வகுத்த பறப்பு) டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். தரையில் ஓடும் ரோவர் வண்டிக்கும் இதே கருவிதான், தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

நான் இதை ஒழுங்காகப் பறக்க விடுவதைவிட, கெடுத்துப் பார்க்கத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். நடுவானில் ஜிபிஎஸ்ஸை அணைப்பேன். காற்றை நொடிக்கு 10 மீட்டராக்குவேன். ஒரு மோட்டாரை நிறுத்துவேன். நான்கு மோட்டார் ட்ரோன் சுழன்றுகொண்டே விழும், ஆறு மோட்டார் ட்ரோன் தட்டுத்தடுமாறியாவது இறங்கப் பார்க்கும். இதையெல்லாம் நிஜத்தில் ஒருமுறை செய்து பார்க்கவே பர்ஸ் தாங்காது.

இனி என் கூத்து. பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை. ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும்போது ஏறும் உயரம் இயல்பாக 15 மீட்டர். தென்னைக்கு அது போதாது என்று தெரிந்தே 30 ஆக்கினேன். முதல் நாள் இரவு சிட்டிலிலும் ஓட்டினேன். திரும்பி வந்து, வரைபடத்தில் கிளம்பிய புள்ளியிலேயே அழகாக இறங்கியது. மறுநாள் தோப்பின் நடுவே திறந்த இடத்தில் 8 மீட்டரில் நின்றபோது திரும்பச் சொன்னேன். துளிகூட மேலே ஏறாமல் நேராக மட்டைக்குள் புகுந்தது. இரண்டு இறக்கை, ஒரு கை காலி. என் ட்ரோனில் இருந்த பதிப்பில் அந்த உயர அளவுருவின் அலகு மீட்டர் இல்லை, சென்டிமீட்டர். 3000 என்று போட்டிருக்க வேண்டும். முந்தின இரவின் லாக்கைத் திறந்தால், அங்கேயும் 8 மீட்டரிலேயேதான் வந்திருக்கிறது. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் பக்கத்திலிருந்த உயர எண்ணைப் பார்க்கவில்லை.

தோப்புக்காரர் கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன்னீங்களே தம்பி, அங்க தென்னமரம் இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கேமரா வேலைக்கு சிட்டில் மட்டும் போதாது, முப்பரிமாணக் காட்சி தரும் கெஸிபோ சிமுலேட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் லேப்டாப்பில் அது நிஜ நேரத்தில் பாதி வேகத்தில்கூட ஓடாது. பழைய கெஸிபோவுக்கான ஆதரவு 2025 ஜனவரியோடு முடிந்ததால், பழைய மாடல்களைப் புதியதற்கு மாற்றியதில் இரண்டு வாரம் போனது. 2017இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஏர்சிம் சிமுலேட்டர் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் 2022இலேயே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிட்டிலில் இன்னொரு குறை பேட்டரி. கொள்ளளவை நாமே கொடுக்காவிட்டால் அது தீரவே தீராது. அதை நம்பி நீளமான மிஷன் போட்டுவிடாதீர்கள்.

இப்போது இடப் பட்டியல் கோப்பில் அந்தத் தோப்பின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பொள்ளாச்சி வேலைக்கு முன் கான்பெராவை விட்டுவிட்டு அங்கேயே எழுப்புவேன். செயற்கைக்கோள் படத்தில் தென்னை உச்சிகள் வரிசையாகத் தெரியும். உயர எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ட்ரோன் அந்த மரங்களுக்குள் நுழைந்து, ஒன்றுமே இல்லாத மாதிரி மறுபக்கம் வெளியே வரும்.