டக் டிஎன்எஸ்: மாறும் ஐபிக்கு மாறாத பெயர்
வீட்டில் ஓடும் சர்வருக்கு டொமைன் பெயரைக் கட்ட நினைப்பவருக்கு முதல் தொல்லை, இணைய நிறுவனம் தரும் ஐபி முகவரி நிலையாக இருப்பதில்லை என்பதே. ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால் முகவரி மாறிவிடக்கூடும். டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ பதிவோ பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். இதற்காக ஓராண்டாக நான் பயன்படுத்திவரும் இலவசச் சேவை டக் டிஎன்எஸ்.

கிட்ஹப் அல்லது கூகுள் கணக்கு வழியாக நுழைந்தால், 5 துணைப்பெயர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு ரகசியக் குறியீடும் கிடைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து அமைத்த இணைப்பை, குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரான் நிரல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்க, அழைப்பு எந்த ஐபியிலிருந்து வந்ததோ அதையே சேவை பதிந்துகொள்கிறது. பதில் இரண்டே எழுத்து: சரியென்றால் 'ஓகே', தவறென்றால் 'கேஓ'. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஐபியின் புதிய வகையான ஐபிவி6 முகவரியைத் தானாகக் கண்டறியாது. நாமே எழுதித் தர வேண்டும்.

சொந்த டொமைன் வைத்திருப்பவர், அதன் முன்னொட்டுள்ள பெயரை (www போன்றது முன்னே வரும் பெயரை), ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் பதிவின் மூலம் டக் டிஎன்எஸ் பெயருக்குத் திருப்பிவிட்டால் போதும். அதன்பின் முகவரி எத்தனை முறை மாறினாலும் டொமைன் பதிவைத் தொட வேண்டியதில்லை. முன்னொட்டில்லாத வெறும் டொமைனுக்கு இந்த வழி செல்லாது. அங்கே டொமைனின் நிர்வாக விவரத்தையும் பெயர் சர்வர்களையும் குறிக்கும் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் கட்டாயம் இருப்பதால், அவற்றோடு சிநேம் சேர்ந்திருக்க பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் முறையின் விதி இடம் தருவதில்லை. பலர் இடறுவது இங்கேதான். டக் டிஎன்எஸ் பெயருக்கு டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவும் வைத்து, பெயர் நம்முடையதென்று அதன்வழி காட்டலாம் என்பதால், இணையதள அழைப்பு வரும் 80ஆம் போர்ட் அடைபட்டிருந்தாலும் அந்தப் பெயருக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் பெற முடிகிறது. இது எதிர்பாராத வசதி.

ரவுட்டர் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். அப்போது வெளி அழைப்பை உள்ளே விட ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை, இந்தச் சேவையும் உதவாது. அதைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. எல்லாம் அமைத்த பிறகு வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்து, தளம் வரவில்லை என்று சேவையைக் குறை சொல்லவும் கூடாது. தன் வெளி முகவரிக்கு உள்ளிருந்து வரும் அழைப்பைத் திருப்பித் தராத ரவுட்டர்கள் உண்டு. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்க வேண்டும்.