விலை உயர்ந்த ஷூ காலைக் கடித்தால்: ஓராண்டுப் பயன்பாட்டில் தளர்வதும் தளராததும்

"கடிக்குது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் ஷூ கடிக்கும் இடங்கள் நான்கு: விரல் நுனி, விரல்கள் தொடங்கும் அகலமான பகுதி, புறங்கால் மேடு, குதிகால். அகலமும் குதிகாலும் பெரும்பாலும் சரியாகும். புறங்காலைச் சமாளிக்கலாம். விரல் நுனி இடித்தால் வழியே இல்லை. முப்பதாயிரம் கொடுத்த ஷூவுக்கும் மூவாயிரம் கொடுத்த ஷூவுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

நுனி ஏன் இளகாது? மூக்குப் பகுதியில் மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே விறைப்பான ஒரு தகடு இருக்கிறது. குதிகாலைச் சுற்றியும் அப்படி ஒன்று உண்டு. ஷூ வடிவம் கலையாமல் நிற்பது இவற்றால்தான். நீளவாட்டில் இழுத்தால் தோல் நீளுவதற்கு முன் பின்பக்கத் தையல் வாய் பிளக்கும். கடையில் "போடப் போட லூஸாயிடும் சார்" என்று சொல்வது அகலத்துக்குப் பொருந்தும், நீளத்துக்கு ஒருநாளும் பொருந்தாது. நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும். அது இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் முயலாமல் திருப்பிக் கொடுங்கள்.

இனி சைஸ் கணக்கு. யுகே அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள நீள வித்தியாசம் சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய 41, 42, 43 வரிசையில் அது 6.67 மி.மீ. இரண்டு அளவுகோலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. பெட்டியில் போட்டிருக்கும் ஒப்பீடு எல்லாம் தோராயம்தான். ஒரு சைஸ் கூட்டினால் விரலடிச் சுற்றளவு (விரல்கள் தொடங்கும் அகலமான பகுதியைச் சுற்றிய அளவு) ஏறக்குறைய 6 மி.மீ.தான் கூடும். அகலம் போதவில்லை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குபவருக்கு அந்த 6 மி.மீ.யோடு, கேட்காத 8.5 மி.மீ. நீளமும் வந்து சேர்கிறது. பக்கவாட்டுக் கடி போய், குதிகால் கழன்று கழன்று கொப்புளம் போடும். சரியான வழி அதே சைஸில் அகல ஃபிட்டிங். யுகே முறையில் பல தயாரிப்பாளர்களிடம் வழக்கமான ஆண்கள் அகலம் எஃப், அடுத்தது ஜி. டிசைனர் ஷூக்களில் பெரும்பாலும் ஒரே அகலம்தான் வரும் என்பதுதான் சிக்கலின் வேர்.

கால் அகலமாக இருப்பது யாருடைய குறையும் அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் காலை அளந்தது. இந்தியக் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. இந்தியக் கால்களுக்கான 'பா' என்ற தனி அளவுமுறைக்கு அடிப்படையும் அந்த ஆய்வுதான். இத்தாலியக் கால் அச்சின்மேல் செய்த ஷூ நம் சுண்டுவிரலை நசுக்குவதில் வியப்பில்லை.

வீட்டில் சோதிக்கும் முறை: மாலை ஆறு மணிக்குமேல் பாருங்கள். சென்னை வெயிலில் நாள் முழுக்க நடந்த கால் காலையில் இருந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு தாளில் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையுங்கள். இரண்டு காலையும் வரைய வேண்டும், பெரிய காலே கணக்கு. இன்சோல் (ஷூவுக்குள் பாதம் படும் உள்தகடு) கழன்று வந்தால் அதை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். இருபுறமும் சேர்த்து 4, 5 மி.மீ. வெளியே வந்தால் ஸ்ட்ரெச்சரில் (ஷூவுக்குள் வைத்து விரிக்கும் திருகுக் கட்டை) சமாளிக்கலாம். 10 மி.மீ. வந்தால் முடியாது. மேல்தோலை இழுத்தாலும் அடியில் உள்ள சோலின் அகலம் மாறாது. கால் சோல் விளிம்பைத் தாண்டி வழிந்து, ஷூ பக்கவாட்டில் பூரி மாதிரி உப்பி நிற்கும்.

இந்தச் சோதனையெல்லாம் பாயிலோ கார்ப்பெட்டிலோதான். மொசைக் தரையில் பத்தடி நடந்தால் லெதர் சோலில் கீறல் விழும், திருப்பி எடுக்க மாட்டார்கள். சைஸ் பொருந்தாததைக் கடைக்காரர்கள் பழுதாகக் கருதுவதில்லை. பில்லின் பின்பக்கத்தில் "எக்ஸ்சேஞ்ச் மட்டும்" என்று இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

திருப்ப வழியில்லாத, அகலத்தில் மட்டும் இறுக்கமான தோல் ஷூவுக்கு மிக நன்றாக வேலை செய்வது இரண்டு திருகு உள்ள ஸ்ட்ரெச்சர். ஒரு திருகு நீளத்துக்கு, ஒன்று அகலத்துக்கு. பிளாஸ்டிக்கைத் தவிர்க்கலாம், அழுத்தம் ஏறும்போது திருகும் இடத்தில் வளைகிறது. மரக்கட்டையில் துளைகளும், அவற்றில் செருகும் சிறு குமிழ்களும் இருக்கும். கட்டைவிரல் மூட்டு, சுண்டுவிரல் போன்ற இடங்களை மட்டும் தள்ள அவை பயன்படும்.

முதலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, வலிக்கும் இடத்தின்மேல் சிறு டேப் ஒட்டிக் குறியுங்கள். கட்டைக்கு மெல்லிய பருத்தி சாக்ஸ் மாட்டினால் லைனிங்கில் தடம் விழாது. ஸ்ட்ரெச் ஸ்ப்ரேயை உள்பக்கமாக, குறித்த இடத்துக்கு நேரே அடியுங்கள். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் இருப்பது ஆல்கஹாலும் தண்ணீரும். சாயத்தைக் கலைக்கக்கூடும் என்பதால் ஷூவின் நாக்கின் (லேஸுக்குக் கீழே உள்ள பட்டை) அடிப்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஊறியதும் கட்டையை நுழைத்து, நீளத் திருகைக் கட்டை நகராத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அகலத் திருகைக் கை தடுக்கும்வரை சுற்றி, அதற்குமேல் ஒரு முழுச் சுற்று. 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். போட்டுப் பார்த்து, தேவையென்றால் இன்னும் அரைச் சுற்று, மறுபடி 24 மணி நேரம். மொத்தம் மூன்று நாளுக்குள் 3 முதல் 5 மி.மீ. கிடைக்கும். அவசரப்பட்டு முதல் நாளே மூன்று சுற்று சுற்றியவர்களுக்குக் கிடைப்பது வெளுத்த கோடும், நீண்ட தையல் துளையும்.

முழுக்கக் காய்ந்த பிறகே கட்டையை எடுக்க வேண்டும் என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். ஈரத்தில் தோலின் நார்கள் நகர்ந்து இடம் மாறுகின்றன. காயும்போதுதான் புது இடத்தில் நிலைக்கின்றன. பாதி ஈரத்தில் எடுத்தால் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 24 மணி நேரம் போதாது, இரண்டு நாள் விடுங்கள்; ஏசி அறையில் வைத்தால் சீக்கிரம் காயும். மொட்டைமாடி வெயில் வேண்டாம். தோல் வறண்டு வெடிக்கும், சோல் ஒட்டிய பசையும் இளகும். ஹேர் டிரையரால் சூடாக்கி இளக்குவதற்கும் இதே எச்சரிக்கைதான்: தடித்த சாக்ஸோடு போட்டுக்கொண்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடத்துக்குமேல் போகாதீர்கள்.

வீடியோக்களில் வரும் ஐஸ் வித்தை, பையில் தண்ணீர் நிரப்பி ஷூவுக்குள் வைத்து ஃப்ரீசரில் போடுவது, செய்யத் தகாதது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், உண்மைதான். எந்தப் பக்கம் விரியும் என்பது நம் கையில் இல்லை. பை கசிந்தால் இன்சோல் உப்பிவிடும். விளக்கெண்ணெய் தடவும் பாட்டி வைத்தியம் லைனிங் இல்லாத தோல் செருப்புக்குப் பொருந்தும். லைனிங் வைத்த ஷூவில் கறைதான் மிஞ்சும்.

எந்தத் தோல் என்பதும் முக்கியம். வழவழப்பான கன்றுத்தோலும் ஸ்வேடும் (வெல்வெட் மாதிரி மேற்பரப்புள்ள தோல்) நன்றாக இளகும். பேட்டன்ட் லெதரின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் படலம் இருப்பதால் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். ரெக்சின் வகை செயற்கைத் தோல் ஸ்ட்ரெச்சரில் இருக்கும்வரை விரிந்து, வெளியே எடுத்த ஓரிரு நாளில் பழையபடி ஆகிவிடும். சாட்டின், கேன்வாஸ் இளகாது. சென்னைக் குரோம்பேட்டைக்கே பெயர் தந்த குரோம் பதனிடுதலில் (குரோமிய உப்பால் பதப்படுத்துவது) வந்த தோல் மென்மையாக இருக்கும், சீக்கிரம் இழுபடும், கொஞ்சம் திரும்பியும் வரும். அதனால் தேவைக்கு ஒரு மி.மீ. கூடுதலாகவே இழுப்பது வழக்கம்.

புறங்கால் இறுக்கத்துக்கு ஸ்ட்ரெச்சர் உதவாது. லேஸ் ஷூ என்றால் வலிக்கும் இடத்துத் துளையை விட்டுவிட்டு லேஸைக் கோர்த்துக்கொள்ளுங்கள், இன்சோலை மெல்லியதாக மாற்றுங்கள். சென்னை பெரியமேட்டில் ஷூ சாமான் கடைகளில் தாள் தாளாகக் கிடைக்கும் இன்சோல் பொருளை வாங்கி வெட்டிக்கொள்ளலாம். லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் லோஃபருக்கு இந்த வசதியில்லை.

கூர்மூக்கு ஹீல்ஸில் ஒரு ஏமாற்று உண்டு. விரல் நசுங்குகிறது, ஆனால் ஷூ சிறியதல்ல. கால் சரிந்து முன்னால் போய் மூக்கில் அடைகிறது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் அதுதான் காரணம். அங்கே தேவை விரலடியில் ஒட்டும் ஜெல் பேட். ஸ்ட்ரெச்சர் போட்டால் சரிவு இன்னும் கூடும்.

தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுப்பதானால் நீட்டும் கட்டை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி இளக்குவது சாதாரணச் செருப்புக்கு நல்ல வேலை, மெருகேற்றிய கன்றுத்தோலில் தழும்பு விழும்.

ஆறு மாதம் கழித்து: ஸ்ட்ரெச் செய்த லேஸ் ஷூ பெரும்பாலும் நிலைத்துவிடும். வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்கும் தோல் பட்டை) வைத்துத் தைத்த ஷூவில் இன்சோலுக்கு அடியில் உள்ள கார்க் கால் வடிவத்துக்கு அமுங்கி, இன்னும் கொஞ்சம் இடம் தரும். மடிப்பு விழும் இடத்தில் சுருக்கம் ஆழமாகும். மாதம் ஒருமுறை கிரீம் போதும். லோஃபர் கதை வேறு. ஓராண்டில் அது தானாகவே தளர்கிறது, இறுக்க லேஸ் இல்லை. முதல் வாரமே ஸ்ட்ரெச்சரில் போட்ட லோஃபர் அடுத்த ஆண்டு குதிகாலில் கழலும். லோஃபர் லேசாக இறுக்கினால் வீட்டுக்குள் தினம் அரைமணி நேரமாக இரண்டு வாரம் போட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தப் "போட்டுப் பழக்கும்" வேலையில் இறங்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது, புண்ணான பிறகுதான் கண்ணில் படும்.

இறுக்கமான ஷூவை "கல்யாணத்துக்கு மட்டும் போடலாம்" என்று பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் சோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சிதையும். கடலோர ஊரில் அலமாரிக்குள் சில ஆண்டு கிடந்த ஷூ, புதிது மாதிரியே இருந்து, மண்டபப் படியேறும்போது சோல் தூள் தூளாக உதிரும். விற்பதாக இருந்தால் முதல் மழைக்காலத்துக்கு முன் விற்றுவிடலாம், ஸ்ட்ரெச் செய்திருப்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.