ஹேமர் பவளம் எலும்பை விட்டுக் கழன்றபோது வாங்கிய ஹன்னா செக்கர்

சிங்கப்பூர் செங்காங் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வருடமாக வளரும் ஹேமர் பவளத்துக்கு (நுனிகள் சுத்தியல் போல இருக்கும் பவளம்) நான்கு தலைகள். மார்ச்சில் ஒருநாள் காலை ஒரு தலை மட்டும் பக்கவாட்டில் தொங்கியது. சாயங்காலம் வந்து பார்த்தால் சதை முழுசாகக் கழன்று மணலில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் எலும்பு மட்டும், வெள்ளை வெளேரென்று, கத்தி விளிம்பு போன்ற தகடுகளோடு. அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை. கழன்ற தலை மணலில் கிடந்தபடியே சுத்தியல் நுனிகளை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இதற்கு ‘பாலிப் பெயில்அவுட்’ என்று பெயர். சூழல் தாங்காதபோது பாலிப், அதாவது பவளத்தின் சதையுள்ள உயிர், தன் எலும்புக்கூட்டைக் கைவிட்டுவிடும். சம்மார்கோ என்ற ஆய்வாளர் 1982-லேயே இதை விவரித்திருக்கிறார்.

உப்பளவு, வெப்பம் இரண்டும் சரியாக இருந்தன. ஆல்கலினிட்டிக்கு (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்), சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்தான் என்னிடம் இருந்தது. ராத்திரி தொட்டியின் நீல வெளிச்சத்தில் நிறத்தைத் தப்பாகப் பார்த்து, குறைவு என்று நினைத்து, அதைக் கூட்டும் கரைசலின் டோஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நண்பரின் ஹன்னா செக்கரில் (எச்ஐ772 என்ற, ஆல்கலினிட்டி அளக்கும் சின்ன மின்னணுக் கருவி) பார்த்தால் 11.4 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு)! இயற்கைக் கடல்நீரில் சுமார் 7தான். மறுநாளே எனக்கும் ஒன்று வாங்கினேன்.

குப்பியில் 10 மில்லி தொட்டி நீர் எடுத்துப் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் வைத்துக்கொள்ளும். அப்புறம் 1 மில்லி ரீஏஜென்ட் (நிறம் காட்டும் சோதனைத் திரவம்) விட்டு, மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, மறுபடி அழுத்தினால் எண் வந்துவிடும். நிறத்தை நம் கண் முடிவு செய்ய வேண்டியதில்லை. எனக்கு அது ஒன்றே போதும். ஆனால் கை சுத்தமாக வேலை செய்ய வேண்டும். சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இருந்தாலும், குப்பியில் விரல்ரேகை பட்டிருந்தாலும் எண் மாறும். கருவியின் துல்லியமே 0.3-உடன் 5 சதவீதம் முன்னே பின்னே என்பதால், 8.1 நேற்று, 8.4 இன்று என்றால் பதறாதீர்கள். தினம் ஒரே நேரத்தில் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

டோஸை நிறுத்தியதும் பத்து நாளில் 8.2-க்கு வந்தது. மற்ற மூன்று தலைகளும் பழையபடி விரிந்துவிட்டன. கழன்றதை பிளாஸ்டிக் டீ வடிகட்டியில் போட்டு, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்திருக்கிறேன். எதிலும் ஒட்டவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறது.

ரீஏஜென்ட் பாட்டில் ஒன்றில் 25 சோதனைதான். தினமும் பார்ப்பவர்களுக்கு ஒரு மாதம்கூட வராது. வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள்.