ஹைடெல்பெர்கில் ஜெர்மன் படிக்க மூன்று வாசல்கள்: எது யாருக்கு?

இன்றைய ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஹைடெல்பெர்கில்தான் இருக்கிறது, தொடங்கியது 1386-ல். நெக்கார் ஆறு, பழைய பாலம், மலைமேல் இடிந்த கோட்டை என்று படங்களைப் பார்த்தே மொழி படிக்க இந்த ஊரைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. ஆனால் ஊருக்குள் எந்த வகுப்பில் உட்காரப்போகிறோம் என்பதில்தான் பணமும் காலமும் அடங்கியிருக்கின்றன.

பல்கலைக்கழகமே நடத்தும் வகுப்பு, பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கானது. அதன் இலக்கு டிஎஸ்எச் தேர்வு, அதாவது ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர மொழித்திறனைக் காட்டும் தேர்வு. விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரை நடையில் இருக்கும் பத்தியைப் பிரித்து எழுத வேண்டும். 67 சதவீதம் எடுத்தால் அதன் இரண்டாம் நிலையான டிஎஸ்எச்-2. பெரும்பாலான படிப்புகளுக்கு அது போதும். கண்டிப்பான இடம். செமஸ்டர் கணக்கில் ஓடுவதால், நினைத்த மாதத்தில் போய்ச் சேர முடியாது.

தனியார் மொழிப் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கலாம், வகுப்புகள் அடிக்கடி தொடங்கும், விசாவுக்கான கடிதமும் சீக்கிரம் வரும். சிக்கல் இடைவேளையில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் படிக்க வரும் ஐரோப்பிய இளைஞர்களும், ஒரு வருடம் தங்கப்போகும் நீங்களும் ஒரே பெஞ்சில் இருப்பீர்கள். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். மணி அடித்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். வெளியே ஹாப்ட்ஸ்ட்ராசே கடைவீதியோ சுற்றுலாப் பயணிகளால் பிழைக்கும் தெரு. நீங்கள் தட்டுத்தடுமாறி ஜெர்மன் பேசினால் கடைக்காரரே இரக்கப்பட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்.

மூன்றாவது, ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே. பொதுப்பணத்தின் ஆதரவோடு நடக்கும், வயதுவந்தோருக்கான கல்வி நிலையம். பொதுவாகக் கட்டணம் குறைவு. சிரியா, உக்ரைன், துருக்கி என்று பல ஊர்க்காரர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். பலருக்கு ஆங்கிலம் வராது. பையனின் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, வீட்டு வாடகையைப் பற்றியோ பேச அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் ஜெர்மன்தான். இலக்கணம் மெதுவாக நகரும், வாய் வேகமாகத் திறக்கும். பேச்சு வர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் என் ஓட்டு இதற்கே.

ஆனால் விசா குறுக்கே வரும். மொழி படிக்கவென்றே விசா கேட்டால் வாரத்துக்கு 18 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும். சாயங்கால வகுப்பு கணக்கில் சேராது. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயின் பல வகுப்புகள் வேலைக்குப் போகிறவர்களுக்காக அமைந்தவை. ஆகவே குடும்ப விசாவிலோ வேலை விசாவிலோ வந்தவர்களுக்கு அது வசதி. ஊரிலிருந்து நேராகப் படிக்க வருகிறவர் பெரும்பாலும் தனியார் பள்ளிப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

அதிலும் மொழித்திறனின் ஆரம்பப் படிகளான ஏ1, ஏ2, அடுத்த படியான பி1 வரை அங்கே போய்ப் படிப்பது வீண் செலவு என்பேன். அந்தப் படிகளைச் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கும் கோத்தே இன்ஸ்டிடியூட்டிலேயே முடிக்கலாம், வீட்டுச் சாப்பாட்டோடு. பி2 தொடங்கும்போது விமானம் ஏறினால், யூரோவில் செலவாகும் மாதங்கள் குறையும். பட்டப்படிப்பும் அங்கேதான் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: ஹைடெல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது.

தங்க அறை தேடுவது ஹைடெல்பெர்கில் பெரும்பாடு. பக்கத்து ஊர் மன்ஹைம் ரயிலில் சுமார் இருபது நிமிடம். கோட்டை அழகு கிடையாது, ஊர் நடுவில் தெருப் பெயருக்குப் பதில் கட்டடத் தொகுதிகளுக்கு எழுத்தும் எண்ணும்தான். ஆனால் அங்கே சுற்றுலாக் கூட்டம் குறைவு. அபென்ட்அகாடெமி என்ற பெயரில் அந்த ஊருக்கும் ஒரு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே இருக்கிறது. ஹைடெல்பெர்கில் இடம் இல்லை என்று சொன்னால், அடுத்து அங்கே விசாரியுங்கள்.