பயோடேட்டா, ரெஸ்யூமே, சி.வி.: ஆய்வு மாணவர் எதை அனுப்புவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்கு முயல்வோரிடம் பெரும்பாலும் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று டிடிபி கடையில் தட்டச்சு செய்த பயோடேட்டா. மற்றொன்று ஓசூர் சிப்காட் வேலைகளுக்காகத் தயாரித்த ஒரு பக்க ரெஸ்யூமே. ஆய்வு நெறியாளர் எதிர்பார்க்கும் கல்விசார் சி.வி. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது.

பயோடேட்டாவில் தந்தை பெயர், மதம், சாதி, இறுதியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி ஆகியவை இருக்கும். இட ஒதுக்கீட்டு விவரத்தைப் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டுவிடுவதால், நெறியாளருக்கு எழுதும்போது இத்தாளால் பயனில்லை.

ரெஸ்யூமேவை அப்படி ஒதுக்கிவிட முடியாது; அதன் சுருக்கம் தொழிற்சாலைக்குப் பொருத்தமானதே. ஆனால் தருமபுரி வட்டார நடுகற்களைப் பற்றி ஆய்வேடு எழுதிய வரலாற்று மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ரெஸ்யூமேவில் அவருடைய இரண்டாண்டு உழைப்பு 'எம்.ஏ. வரலாறு' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். சி.வி.யிலோ ஆய்வேட்டின் தலைப்பு, நெறியாளர், களப்பணி செய்த ஊர்கள், மைப்படி எடுக்கும் (கல்லில் உள்ள எழுத்தை மை கொண்டு தாளில் படியெடுக்கும்) பயிற்சி, வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையை வாசிக்கும் திறன் என எல்லாம் இடம்பெறும். ஓசூர் மேலாளர் பொருட்படுத்தாத அந்த வட்டெழுத்துத்தான் நெறியாளரின் கண்ணை நிறுத்தும். இதற்கு இரண்டு மூன்று பக்கங்கள் ஆனாலும் தவறில்லை.

கட்டுரைப் பட்டியலில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கான தேர்வில் தகுதியுள்ள கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் அளித்ததால், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களை நாடும் பழக்கம் பரவியது. அத்தகைய கட்டுரைகள் ஐந்தைவிட துறை வல்லுநர்களின் மதிப்பாய்வு பெற்ற ஒன்று மேலானது என்பதே என் கருத்து. வெளியானது, ஏற்கப்பட்டது, மதிப்பாய்வில் உள்ளது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். கருத்தரங்கில் வாசித்ததை வெளியீடாகக் காட்டுவது, கண்டுபிடிக்கப்பட்டால், முழுத் தாளின் நம்பகத்தையும் கெடுக்கும். கட்டுரை ஏதும் இல்லாதவர் அத்தலைப்பையே விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தயாரிக்கும் கருவியைப் பொறுத்தவரை, கணிதம், இயற்பியல் மாணவர்களுக்கு, சமன்பாடுகளை நேர்த்தியாக அச்சுக்கோக்கும் லாடெக்ஸ் மென்பொருள் அழகாக அமையும். மற்றவர்களுக்கு வேர்டு போதும். கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குறியீட்டுக் குவியலாகத் தெரியும் என்பதால், யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக அனுப்புவதே பாதுகாப்பு.

சி.வி., ரெஸ்யூமே இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று கேட்டால், நீளமான சி.வி.யை என்பேன்: அதிலிருந்து ஒரு பக்க ரெஸ்யூமேவை ஒரு மாலையில் வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் ரெஸ்யூமேவை நீட்டிச் சி.வி. ஆக்க முயல்பவர் கருத்தரங்கத் தேதிகளுக்காகப் பழைய சான்றிதழ்க் கோப்புகளைத் துழாவ வேண்டியிருக்கும்.